ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க ஓராண்டுத் திட்டம்

முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



விழாக்குழுச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க தம்பி, ஆனா போர் அடிக்காம பேசுங்க" என்றார். இரண்டும் சேர்ந்து நடக்கிற காரியமா? நான் தொழிலில் பிளானிங் என்ஜினீயர். ஒரு கட்டுமானப் பணியில் எந்த வேலை முடிந்தபின் எந்த வேலை, எது ஒரு நாள் தள்ளிப்போனால் மொத்தமும் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று கட்டம் கட்டமாகப் போட்டுக் கணக்குப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பாதி அரங்கு காலியாகிவிடும். அதனால் அதே கணக்கை வைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேர் உகாண்டா நாட்டு மழைக்காட்டுக்குக் கொரில்லா பார்க்கப் போன கதையைச் சொல்கிறேன்.

நாலு பேர் என்றால், நான், என் ஹாஸ்டல் ரூம்மேட், சிவில் பிரிவில் படித்த நண்பன் ஒருவன், எங்களுக்கு ஐந்து வருஷம் மூத்த சீனியர் அண்ணன் ஒருவர். நாங்கள் மூவரும் 2010-இல் வெளியே வந்தவர்கள். யோசனை என் ரூம்மேட்டுடையது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மைசூர் மிருகக்காட்சிசாலைக்குப் போனபோது போலோ என்கிற கொரில்லாவைப் பார்த்திருக்கிறான். இந்தியாவிலேயே அப்போது ஒரே கொரில்லா அதுதான். ஜோடி இல்லாமல் பல வருஷம் தனியாகவே இருந்து 2014-இல் இறந்துபோனது. "அது என்னையே பாத்துச்சு மச்சான்" என்று முதலாம் ஆண்டிலிருந்து எங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பான். சரி, கூட்டத்தோடு இருக்கிறதைப் பார்த்துவிட்டு வருவோம் என்று 2024 ஜனவரியில் முடிவு செய்தோம். மைசூரில் இருந்தது மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நில வகை. நாங்கள் பார்க்கப் போனது மலைக் கொரில்லா. அது உலகத்தில் எந்த மிருகக்காட்சிசாலையிலும் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் அது இருக்கிற மலைக்கு நாம் போக வேண்டும்.

அது இருக்கிற மலைகள் இரண்டே இரண்டு. ஒன்று விருங்கா எரிமலைத் தொடர். ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்று நாடுகளும் சந்திக்கும் இடம். இன்னொன்று உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் உள்ள பிவிண்டி காடு. 1981-இல் விருங்காவில் எண்ணியபோது 254 கொரில்லாதான் இருந்தன. 2015, 2016-இல் எண்ணியபோது 604. பிவிண்டியில் 2018-இல் எடுத்த கணக்கு 459. இரண்டையும் கூட்டினால் 1063. நம் கல்லூரியின் ஒரு வருஷ அட்மிஷனுக்கு அருகில் வரும் எண்ணிக்கை, ஒரு முழு இனத்துக்கு! ஆனாலும் ஏறுமுகம்தான். அதனால்தான் 2018 நவம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக ஆபத்தான நிலை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி ஆபத்தான நிலை என்று மாற்றியது.

எப்படி எண்ணுகிறார்கள் என்பது என்ஜினீயர்களுக்கு ருசியான விஷயம். கொரில்லா தினமும் இரவு புதிதாக இலை தழைகளை வளைத்துப் படுக்கை செய்துகொள்ளும். காலையில் எழுந்ததும் அதிலேயே சாணம் போட்டுவிட்டுப் போகும். ஆய்வாளர்கள் படுக்கைகளைத் தேடிப்பிடித்து, சாணத்தை எடுத்து, அதில் உள்ள டி.என்.ஏ.வை வைத்து ஒன்றை இரண்டாக எண்ணாமல் கணக்கெடுக்கிறார்கள்.

இப்போது திட்டத்துக்கு வருவோம். முதல் கேள்வி எந்த நாடு. காங்கோவை முதல் நாளே அடித்துவிட்டோம். அங்கே கிழக்குப் பகுதியில் சண்டை. எங்கள் பயணம் முடிந்த அதே 2025 ஜனவரிக் கடைசியில் கோமா நகரமே எம்-23 கிளர்ச்சிப்படையின் கைக்குப் போனது. மீதி ருவாண்டாவும் உகாண்டாவும். ருவாண்டாவில் வசதி அதிகம், தலைநகர் கிகாலியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் காட்டின் வாசலுக்குப் போய்விடலாம். ஆனால் 2017 மே மாதம் முதல் ஒரு ஆளுக்குப் பெர்மிட் 1500 டாலர். உகாண்டாவில் 2024 ஜூலை முதல் வெளிநாட்டவருக்கு 800 டாலர். எங்கள் கணக்கில் 800 டாலர் என்பது ஏறக்குறைய 69 ஆயிரம் ரூபாய். சுற்றிப் பார்க்க அல்ல, தங்க அல்ல, சாப்பிட அல்ல. ஒரு மணி நேரம் கொரில்லாவின் எதிரில் நிற்க! வீட்டில் இதைச் சொன்னபோது என் அம்மா, "அந்தக் காசுக்கு ரெண்டு பவுன் வராட்டியும் ஒரு பவுனாவது வரும்டா" என்றார்கள். மறுக்க முடியாத வாதம்.

உகாண்டா என்று முடிவானது. அடுத்தது வரிசை. இந்த இடத்தில் தம்பிகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஊரில் எல்லோரும் பிரயாணம் என்றால் முதலில் விமான டிக்கெட் போடுவார்கள். இங்கே அது கடைசி. ஏன் என்றால், ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டே பேருக்குத்தான் அனுமதி. பெர்மிட் உங்கள் பெயருக்கு, ஒரு தேதிக்கு, காட்டின் ஒரு குறிப்பிட்ட வாசலுக்கு. பிவிண்டிக்கு புஹோமா, ருஹிஜா, ருஷாகா, இன்குரிங்கோ என்று நான்கு வாசல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மலையைச் சுற்றிப் போகவே மணிக்கணக்கில் ஆகும். எனவே பெர்மிட் எந்தத் தேதிக்குக் கிடைக்கிறதோ, எந்த வாசலுக்குக் கிடைக்கிறதோ, அதிலிருந்துதான் தங்குமிடம், வண்டி, விமானம் எல்லாம் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நாங்கள் 2024 ஆகஸ்டில் ருஷாகா வாசலுக்கு, 2025 ஜனவரி 16-ஆம் தேதிக்கு நாலு பெர்மிட் வாங்கினோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மழை குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரையும் அப்படியே. மழைக்காடு என்பதால் மழையே வராது என்று மட்டும் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

ஜனவரி 16 என்றதும் சிவில் நண்பன் காலண்டரைப் பார்த்துவிட்டு, "டேய், அன்னைக்குக் காணும் பொங்கல்டா" என்றான். மெரினாவுக்குப் போகிற நாளில் பிவிண்டிக்கு!

பெர்மிட்டுக்கு அடுத்தது ஊசி. உகாண்டாவுக்குள் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வேண்டும். திரும்பி வரும்போது நம் நாட்டுக்குள் நுழையவும் அதே அட்டை வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக மாட்டீர்கள், தனிமைப்படுத்தும் இடத்துக்குத்தான். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். இதில் ஒரு நுணுக்கம். உகாண்டா விசாவுக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்கும்போது அந்த அட்டையின் நகலையும் சேர்க்க வேண்டும். ஆக ஊசி இல்லாமல் விசா இல்லை. விசா வராமல் டிக்கெட் எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டோம். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கிறது, திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும், அதனால் நினைத்த நேரத்தில் போய்க் கையை நீட்ட முடியாது, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முட்டை ஒவ்வாதவர்களும் அறுபது வயது தாண்டியவர்களும் டாக்டரிடம் கேட்காமல் இந்த ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு நல்ல செய்தி, 2016 முதல் இந்த ஒரு ஊசி ஆயுள் முழுவதற்கும் செல்லும். மலேரியா மாத்திரை தனி. அது டாக்டர் சொல்கிறபடி.

டிக்கெட்டைக் கடைசியில் வைத்ததன் பலன் செப்டம்பரில் தெரிந்தது. ருஷாகா காட்டின் தென்புறம் இருப்பதால் ருவாண்டாவின் கிகாலியில் இறங்கி, எல்லை தாண்டிப் போவதுதான் கிட்டத்து வழி. அப்படித்தான் வைத்திருந்தோம். 2024 செப்டம்பர் 27 அன்று ருவாண்டாவில் மார்பர்க் காய்ச்சல் பரவுவதாக அறிவித்தார்கள். எபோலாவின் சொந்தக்காரக் காய்ச்சல் அது. 66 பேருக்கு வந்து 15 பேர் இறந்தார்கள், பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி ஊழியர்கள். டிசம்பர் 20-ஆம் தேதிதான் முடிந்ததாக அறிவித்தார்கள். நாங்கள் டிக்கெட் எடுக்காததால் கட்டத்தில் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு போட்டால் போதுமாக இருந்தது. கிகாலியை விட்டுவிட்டு உகாண்டாவின் எண்டெபே விமான நிலையம். சாலையில் பாதி நாள் கூடுதல். நாங்கள் திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 30 அன்று, உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலேயே எபோலா என்று அறிவித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கட்டத்துக்குள் அடக்க முடியாது.

பெயர் விஷயம் ஒன்று. பெர்மிட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழனுக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்பது விசா எடுத்த எல்லோருக்கும் தெரியும். நமக்கு இருப்பது இனிஷியல். அவர்கள் கேட்பது குடும்பப் பெயர். எங்கள் சீனியர் அண்ணன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய படிவத்தில் பின்னால். மூன்று முறை எழுதித் திருத்தினோம். கடைசியில் அந்த அம்மா கம்பாலாவிலிருந்து, "நீங்கள் அப்பாவா, மகனா?" என்று கேட்டு எழுதினார்கள்.

டாலர் நோட்டும் அப்படித்தான். 2009-க்கு முன் அச்சடித்த நோட்டை உகாண்டாவில் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். சின்ன நோட்டுக்கு மாற்று விகிதம் குறைவு. நம் ஊரில் பணம் மாற்றும்போதே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

உடம்புக்கு, பர்வதமலை இரண்டு முறை ஏறினோம். கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ், மழைக்கோட்டு, தோட்ட வேலைக்குப் போடுகிற தடித்த கையுறை. கையுறை எதற்கென்றால், வழியெல்லாம் காஞ்சொறிச் செடி. வழுக்கும்போது கைக்கு எது கிடைக்கிறதோ அதைப் பிடிப்போம், அது காஞ்சொறியாகத்தான் இருக்கும். வால்பாறை மாதிரி அட்டைத் தொல்லை எங்களுக்கு இல்லை. ஆனால் எறும்பு வரிசை ஒன்று குறுக்கே போகும், அதற்காகக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. நான் இந்த மேடையில் பேச ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அடுத்த விஷயம்.

கொரில்லாவுக்கும் நமக்கும் டி.என்.ஏ. 98 சதவீதம் போல ஒன்று. அதனால் நம் நோய் அதற்கும் வரும். நமக்கு அது மூன்று நாள் மூக்கடைப்பு. அதற்கு அந்தக் கிருமியைச் சந்தித்த பழக்கமே கிடையாது. 2009-இல் ருவாண்டாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தில் சளி பரவி ஒரு பெண்ணும் ஒரு குட்டியும் இறந்தன. சோதித்துப் பார்த்தால் மனிதர்களிடம் இருக்கும் மெட்டாநியூமோவைரஸ். பிவிண்டியிலேயே 1996-இல் கொரில்லாக்களுக்குச் சொறி வந்து ஒரு குட்டி இறந்தது. அப்போது கிளாடிஸ் கலேமா-சிகுசோகா என்ற இளம் கால்நடை மருத்துவர் போய்ப் பார்த்தார். காட்டோரத் தோட்டங்களில் சோளக்கொல்லை பொம்மைக்குப் போட்ட பழைய துணிகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். மனிதர்கள் ஆரோக்கியமாக இல்லாமல் கொரில்லாவை ஆரோக்கியமாக வைக்க முடியாது என்று சொல்லி, 2003-இல் அந்தக் கிராமங்களின் மனிதர்களுக்கும் சேர்த்து மருத்துவம் பார்க்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார் அந்த அம்மையார். பெண் கொரில்லா நாலு வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஆயிரத்துச் சொச்சம் இருக்கிற இனத்தில் ஒரு சளிக்கு இரண்டு போனால், ஈடுகட்ட எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதனால்தான் சட்டம்: ஒரு மணி நேரம்தான், பத்து மீட்டர் தள்ளித்தான், முகக்கவசம் போட்டுத்தான், பதினைந்து வயதுக்குக் கீழே கூடாது, சளி இருமல் உள்ளவர் போகவே கூடாது. கடைசி விதியைப் படித்தபோதுதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. விதி சரி. ஆனால் 69 ஆயிரம் கட்டி, ஆறாயிரம் கிலோமீட்டர் போல் பறந்து போய், காலையில் மூக்கு ஒழுகினால் எத்தனை பேர் வாயைத் திறந்து சொல்வார்கள்? ஒரு மாத்திரையைப் போட்டு, முகக்கவசத்தை மேலே இழுத்து விட்டுக்கொண்டு போய்விடத்தான் மனசு சொல்லும். மறைத்தால் லாபம், சொன்னால் நஷ்டம் என்று இருக்கிற இடத்தில் நேர்மையை மட்டும் நம்பித் திட்டம் போடுவது, சாரம் கட்டாமல் மேஸ்திரியை உயரே ஏறச் சொல்வது மாதிரி.

ஆகவே அக்டோபர் மாதம் என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். இருமல், தும்மல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு எது வந்தாலும் காட்டுக்குள் போகக்கூடாது. சந்தேகமாக இருந்தாலும் போகக்கூடாது. வந்தவன் தீர்மானிக்கக் கூடாது, மற்ற மூன்று பேரும்தான் தீர்மானிக்க வேண்டும். பணம் திரும்பக் கிடைக்கும் என்று கணக்கில் எடுக்கக் கூடாது. போகாதவனின் பெர்மிட் தொகை நாலு பேர் தலையிலும் சமமாக விழும். மற்றவர்கள் அவனுக்காகத் தங்காமல் போக வேண்டும். ஊருக்கு வந்தபின் அவனைக் கிண்டல் செய்யக்கூடாது. நாலு பேரும் கையெழுத்து. சீனியர் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "நல்ல காரியத்துக்குக் கிளம்பறப்ப என்னப்பா அபசகுனமா?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 13 எண்டெபேயில் இறங்கினோம். பெர்மிட் தேதி நகராது, விமானம் நகரும், அதனால் நடுவில் ஒரு நாள் சும்மா விட்டிருந்தோம். பொங்கலன்று விக்டோரியா ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் விடியற்காலை கிளம்பி பத்து மணி நேரத்துக்கு மேல் வண்டி. வழியில் கயப்வே என்ற ஊரில் பூமத்திய ரேகையைத் தாண்டினோம். அம்பராரா பக்கம் வந்ததும் அங்கோலே மாடுகள், ஒவ்வொன்றுக்கும் கொம்பு ஒரு ஆள் கையை விரித்த அகலத்துக்கு. அன்று மாட்டுப் பொங்கல் என்பது நினைவுக்கு வந்து சிவில் நண்பன் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மாட்டைத் தொட்டுக் கும்பிட்டான். டிரைவர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ! கபாலே தாண்டினால் ஊட்டிப் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். மலைச்சரிவெல்லாம் படிப்படியாக வெட்டி உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். குளிர், செம்மண் புழுதி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

ராத்திரி இரண்டு மணிக்கு என் ரூம்மேட் தும்மினான். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவன், எனக்குத் தெரியும் அது புழுதித் தும்மல் இல்லை என்று. ஐந்து மணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. இருமினான்.

சாப்பாட்டு மேசையில் நாலு பேரும். அண்ணன்தான் முதலில் பேசினார். "லேசாத்தான் இருக்கு. மாத்திரை போட்டுக்கோ. மாஸ்க் இருக்குல்ல, பத்து மீட்டர் தள்ளித்தானே நிக்கப்போறோம். இதுக்காக இவ்ளோ தூரம் வந்தவன் நீதானப்பா." அவர் சொன்னது தப்பான எண்ணத்தில் இல்லை. போலோவிலிருந்து ஆரம்பித்த ஆசை அவனுடையதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் சிவில் நண்பனும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் ரூம்மேட் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தான். "அண்ணே, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றான், கட்டின தொண்டையில். பிறகு அவனுடைய கேமராவை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டு, "லென்ஸ் மூடியைத் தொலைச்சுடாதே" என்றான். அவ்வளவுதான். ஏழரை மணிக்கு மூன்று பேர் போனோம்.

காட்டு அலுவலகத்தில் காய்ச்சல் பார்த்தார்கள், விதிகளைச் சொன்னார்கள். கொரில்லா பாய்ந்து வந்தால் ஓடக்கூடாது, குனிந்து உட்கார்ந்து கண்ணைப் பார்க்காமல் இருக்க வேண்டும். காட்டில் ஒதுங்க வேண்டுமென்றால் வழிகாட்டியிடம் சொன்னால் ஆழமாகக் குழி வெட்டித் தருவார். அதுவும் நோய்க்காகத்தான். வாசலிலேயே கிராமத்து ஆட்கள் சுமைதூக்க நிற்பார்கள். எனக்குச் சுமை இல்லை என்று வீரம் பேசாதீர்கள். சுமையைவிட, சரிவில் கையைப் பிடித்து இழுக்க ஆள் வேண்டும். அது அவர்களுக்கு ஒரு நாள் கூலியும் ஆகும். எங்களோடு வந்த பெண்மணி ஒரு கையில் அண்ணனை இழுத்துக்கொண்டு மறு கையில் போனில் பேசிக்கொண்டே ஏறினார்.

விடியற்காலையிலேயே தடம் பார்ப்பவர்கள் நேற்றிரவுப் படுக்கையிலிருந்து தொடங்கி, கூட்டம் எங்கே என்று கண்டுபிடித்து வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். நாங்கள் இரண்டரை மணி நேரம் நடந்தோம். நடந்தோம் என்பது மரியாதைக்கு. கால் தரையில் படுவதில்லை, ஒரு முழ உயரக் கொடி மெத்தை மேலே, எப்போது உள்ளே போகும் என்று தெரியாது. அந்தக் காட்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரிலேயே ஊடுருவ முடியாதது என்று இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதலில் வாசனை வந்தது. வேலைக்காட்டில் வியர்த்த ஆளும் பச்சிலையும் கலந்த மாதிரி. பிறகு கிளை ஒடிகிற சத்தம். முதுகு வெளுத்த பெரிய ஆண் ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தண்டு உரித்துத் தின்றுகொண்டிருந்தது. வழிகாட்டி தொண்டையில் ம்ம், ம்ம் என்று உறுமினார். நாங்கள் வந்திருக்கிறோம், வம்பு இல்லை என்று அர்த்தமாம். அதுவும் திரும்பாமலேயே அதே மாதிரி பதில் சொன்னது. பிறகு சத்தமாகக் காற்றுவிட்டது. அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாயின் முதுகிலிருந்து ஒரு குட்டி இறங்கி எங்களை நோக்கி நாலு எட்டு வைத்தது. பத்து மீட்டர் விதி குட்டிக்குத் தெரியாது! வழிகாட்டி எங்களைப் பின்னால் நகரச் சொன்னார், நகர்ந்தோம். அது உட்கார்ந்து எங்களைப் பார்த்தது, மூக்கில் விரலை விட்டது. அண்ணன் என் காதோரம், "நல்ல வேளைப்பா" என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருத்தன் ஒரு தும்மல் தும்மினால் போதுமான தூரத்தில் அது இருந்தது.

என் ரூம்மேட் அன்று என்ன செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் வந்ததும் முகக்கவசத்தோடு கிராமத்துக்கு இறங்கியிருக்கிறான். அகாண்டி என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டான். ரோலெக்ஸ் சாப்பிட்டான். கைக்கடிகாரம் இல்லை, சப்பாத்திக்குள் முட்டை தோசையைச் சுருட்டித் தருவது. சப்பாத்தி அங்கே போனது இந்தியர்கள் மூலம்தான். 1972-இல் இடி அமீன் இந்திய வம்சாவளியினரை விரட்டினார், சப்பாத்தி அங்கேயே தங்கிவிட்டது. கொரில்லா காட்டைவிட்டுத் தோட்டத்துக்குள் வந்தால் அடிக்காமல் சத்தம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிற கிராமத் தொண்டர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறான். வாழையைத் தின்றால் நஷ்டம் அவர்களுக்குத்தான். ஒவ்வொரு பெர்மிட்டிலிருந்தும் பத்து டாலர் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. 800-இல் பத்து. போதுமா என்று அவன் கேட்டானாம், அவர்கள் சிரித்தார்களாம்.

பாட்வா மக்களையும் பார்த்திருக்கிறான். தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் வாழ்ந்தவர்கள். 1991-இல் பிவிண்டி தேசியப் பூங்கா ஆனபோது வெளியேற்றப்பட்டார்கள். இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு நடனம் ஆடிக் காட்டிப் பிழைப்பவர்களும் அவர்களில் உண்டு. கொரில்லா பெருகியதற்கான விலையில் ஒரு பகுதியை அவர்கள்தான் கொடுத்தார்கள், கேட்காமலேயே வாங்கப்பட்டது. நாங்கள் மூன்று பேரும் மலையிலிருந்து இறங்கி வந்தபோது எங்கள் வாயெல்லாம் கொரில்லா. அவன்தான் இதையெல்லாம் சொன்னான். அவனைக் கேட்டால் அன்று அதிகம் பார்த்தது தான்தான் என்பான். அது கொஞ்சம் சமாதானப் பேச்சுதான், ஆனால் முழுக்கப் பொய்யும் இல்லை.

அவன் பெர்மிட் பணம் ஆளுக்குப் பதினேழாயிரத்துச் சொச்சமாகப் பிரிந்தது. அண்ணன் விமானத்திலேயே தன் பங்கை அவன் சட்டைப் பையில் செருகினார். கிண்டல் செய்யக்கூடாது என்ற விதியை மட்டும் நாங்கள் முழுமையாகக் கடைப்பிடித்தோம் என்று சொல்ல முடியாது. எங்கள் வாட்ஸப் குழுவில் அவன் பெயர் இப்போது தும்மல்.

அவன் மறுபடி போகிறான். ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்ள காய்ந்த பருவத்துக்கு இப்போதே சீட்டுப் பிடிக்க ஆரம்பித்துவிட்டான். அண்ணனும் அவனோடு இரண்டாவது முறை வருகிறார். இன்னும் இரண்டு இடம் காலி இருக்கிறது. இன்று சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். வெள்ளைத்தாள் அண்ணனிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் வாங்குவாராம்.